மாநிலப் பறவைக்குப் பக்கத்து வீட்டுக்காரி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. கூடுதல் இரண்டும் என் தங்கச்சி விட்டுப்போனவை. எட்டையும் பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் ஒரே அறையில் வைத்து வளர்த்தேன். ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் பெருமையடித்துக்கொள்ள இதில் அதிகம் ஒன்றும் வராது.

படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. தமிழ் எழுத்து தெரியும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கொழுந்து கிள்ளுவதுபோலத் தனித்தனியாகத்தான் வரும். இந்த நோட்டில் ஒரு பக்கம் நிரப்ப எனக்கு ஒரு நாள் ஆகிறது. திருவனந்தபுரத்தில் பறவை பார்க்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள், அதில் தமிழுக்கும் நாலு பக்கம் உண்டு. “வந்து போனதை உள்ளபடி எழுதித் தாங்க அம்மச்சி” என்று அதன் செயலாளர் கேட்டார். மாஷ், மாஷ் என்று எல்லோரும் கூப்பிடுவதால் நானும் மாஷ் என்றே எழுதுகிறேன். பாங்கில் இருந்து ரிட்டையர் ஆனவரை ஏன் வாத்தியார் என்று கூப்பிடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு அயினி மரம் நிற்கிறது. பலாவுக்குத் தம்பி முறை. மூன்று பேர் கை கோர்த்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். பாதிக்கு மேலே ஒரு பொந்து. தை பிறந்தால் ஒரு ஜோடிப் பறவை அங்கே வரும். பெட்டை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, தன் எச்சத்தையே குழைத்து வாசலை அடைத்துவிடும். மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, சித்திரை முடிவில் அது இறகு முளைத்துத் தயாராகிற வரை தாய் வெளியே வராது. அதுவரை சேவல்தான் காட்டுப் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்ட வேண்டும்.

கட்டன் காப்பியோடு பின்வாசலில் நின்று, சேவல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவேன். விடிந்ததிலிருந்து வேலைக்கு ஆள் கூட்டுகிற பிரட்டு மணி அடிப்பதற்குள் ஏழெட்டு தடவை வந்துவிடும். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், குறை சொல்லக் கூடாது. ஆறு பிரசவத்துக்கும் சேர்த்து ஒரு தடவை எனக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். அதிலும் பாதியை வழியிலேயே தின்றுவிட்டார்.

போன மழையில் அந்த மரத்தின் கிளை ஒன்று முறிந்து லயத்துத் தகரத்தின் மேல் விழுந்தது. மரத்தை வெட்டிவிடுவது என்று மேனேஜர் முடிவு செய்தார். லயத்து ஆட்களும் சரி என்றார்கள். அடுத்த கிளை தலையில் விழுந்தால் யார் பொறுப்பு? மாசியில் மரம் அறுக்கிற வாள் வந்து இறங்கியது. உள்ளே பெட்டை இருக்கிறது, குஞ்சு இருக்கும் என்று நான் சொன்னேன். பறவைதானே என்றார்கள்.

அந்த வாரம்தான் மாஷும் நாலு பேரும் கழுத்தில் பைனாகுலர் தொங்க எங்கள் பக்கம் வந்தார்கள். ஒரு புத்தகத்தின் அட்டையைக் காட்டி, இந்தப் பட்சியைக் கண்டதுண்டா என்று கேட்டார் மாஷ். பெரிய வளைந்த மூக்கு, மரப்பொந்து. “தெரியுமே! என் பக்கத்து வீடுதான்” என்றேன். அட்டையில் பறவை உள்ளங்கை அளவுதான் இருந்தது. உள்ளங்கை அளவுப் படத்தில் எது பெரிது, எது சிறிது? நிறம் கொஞ்சம் வேறாகத்தான் தெரிந்தது. படத்தில் சாயம் கூடுதலாகப் போட்டிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கல்யாண போட்டோவில் எல்லோரையும் வெளுப்பாக்குவதில்லையா? எனக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதால், கண்ணாடி போட்டுப் பார்க்கவும் இல்லை. அன்றைக்கு மூடுபனி. சேவல் வரவில்லை. கீறலில் மூக்கின் நுனி மட்டும் தெரிந்தது. மாஷுக்கு அது போதுமாயிருந்தது. கேரளத்தின் மாநிலப் பறவையாம், மலைமுழக்கி வேழாம்பலாம், தமிழில் இருவாச்சியாம். அவர் மேனேஜரிடம் பேசினார். வாள் திரும்பிப் போனது. மரத்தடியில் ஒரு போர்டு வந்தது: மாநிலப் பறவை குடியிருக்கும் மரம். பங்குனியில் எனக்கும் மேனேஜருக்கும் திருவனந்தபுரத்தில் பொன்னாடை என்று தகவலும் வந்தது.

வெள்ளிக்கிழமை புறப்பட்டேன். பொன்முடி ரோட்டில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. பக்கத்துச் சீட்டில் சுற்றுலா வந்த பெண் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டாள். பத்தாவது வளைவில் தெய்வங்கள் தீர்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வித்துராவில் இறங்கிச் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டேன். நான் பிறந்த அம்பாசமுத்திரம் பக்கம் வாழைக்காயில்தான் பஜ்ஜி போடுவார்கள். இங்கே பழத்தையே மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். ஐம்பது வருஷமாகத் தின்றுகொண்டே இது சரியில்லை என்று சொல்லிவருகிறேன்.

சாயா முடிந்து பஸ் ஏறினேன். போர்டு மலையாளத்தில் இருந்தது. யாரிடமும் கேட்பானேன், எல்லாம் தெரிந்தவள்தானே. நடத்துநர் வந்தார். மலையாளத்தில் பேசியதையெல்லாம் நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

“அம்மச்சி எங்கே போகணும்?”

“திருவனந்தபுரம்.”

“இது பொன்முடி போகிற பஸ்ஸாக்கும்.”

“தெரியும்” என்றேன்.

அப்படிச் சொல்லிவிட்ட பிறகு உடனே இறங்கினால் நன்றாக இருக்குமா? கல்லார் வரை டிக்கெட் எடுத்து, தலை நிமிர்ந்து உட்கார்ந்து போனேன். பின்சீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது: “பாவம், காற்று வாங்க வந்திருக்கும், கேட்டோ.” கல்லாரில் இறங்கி ஒரு மணி நேரம் கல்லின் மேல் உட்கார்ந்து நிஜமாகவே காற்று வாங்கினேன்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் என் மகள் செல்வி காத்திருந்தாள். பழவங்காடியில் துணிக்கடையில் நிற்கிறாள், கரமனையில் வாடகை வீடு.

“எங்கம்மா போன? மூணு மணி நேரமா நிக்கேன்!”

“வழியில ஒரு சோலி இருந்துச்சு.”

சனிக்கிழமை காலையில் செல்வியின் மகள் ரம்யா என்னை ஊர் சுற்றிக் காட்டினாள். இருபத்தொரு வயது. அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அதனால் அவள் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் கேள்வியாகத்தான் தெரியும். பழவங்காடி கணபதிக்கு விடலை போடத் தேங்காய் வாங்கினோம். நான் ஓங்கிப் போட்டது கல்லில் படாமல் உருண்டு, ஒரு கடைக்காரரின் காலடியில் போய் நின்றது.

“ஆச்சி, அது ஸ்டேட் மரத்துல காய்ச்சதாக்கும். மரியாதையா உடைங்க” என்றாள் ரம்யா.

பஸ்ஸில் வரைந்திருந்த ஆனையைக் காட்டி “ஸ்டேட் மிருகம்” என்றாள். உந்துவண்டியில் பலாச்சுளை விற்றார்கள். “ஸ்டேட் பழம்.” ஹோட்டலில் பக்கத்து மேஜைக்குக் கரிமீன் பொரித்தது வந்தது. “ஸ்டேட் மீன்.” பூக்கடையில் கொன்றைப் பூ தொங்கியது, அதுவும் ஸ்டேட் பூவாம். இந்த ஊரில் எதைத் தின்றாலும் அரசாங்கத்தைத் தின்பதுபோல இருக்கிறது.

“அப்போ நம்ம தமிழ்நாட்டுக்கு என்னட்டி?” என்று கேட்டேன்.

விரல் விட்டாள். மிருகம் வரையாடு, பட்சி மரகதப் புறா, மரம் பனை, பூ செங்காந்தள், பழம் அங்கேயும் பலா.

பனை எனக்குப் பிடித்திருந்தது. செங்காந்தள்தான் பிடிக்கவில்லை. கண்வலிப் பூவைத்தான் அப்படி அழகாகச் சொல்கிறார்கள். கிழங்கு விஷம். எங்கள் ஊரில் வேலியில் அதைக் கண்டால் பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டோம். புறாவும் எனக்கு அற்பமாகத் தெரிந்தது. “எங்க மாநிலப் பறவைக்கு மூக்கு எவ்வளவு பெரிசு தெரியுமா?” என்று பெருமையாகச் சொன்னேன். இந்த ஊரில் ஓட்டுப் போடுகிறவள் நான், ‘எங்க’ என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

“வாங்க, மிருகக்காட்சிசாலையில ஒண்ணு உண்டு. நாளைக்கு மைக்குல பேசணும் அல்லே, பக்கத்துல வச்சுப் பாத்துக்கிடுங்க” என்றாள்.

கூண்டுக்கு முன்னால் நின்றேன். ஒரு கிளையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ உட்கார்ந்திருந்தது. மூன்று வயதுப் பிள்ளையின் உயரம். கழுத்து மஞ்சள் தேய்த்துக் குளித்ததுபோல இருந்தது. மூக்குக்கு மேலே இன்னொரு மூக்கு, தோணியைக் கவிழ்த்து வைத்ததுபோல. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு அது தாவியபோது, நனைந்த பாயை உதறுகிற சத்தம் கேட்டது. நான் ஒரு எட்டு பின்னால் வந்துவிட்டேன்.

“இது என்ன பட்சி? பெரிசா இருக்கே. நம்ம ஆளு எந்தக் கூண்டுல?”

ரம்யா போர்டைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ஆச்சி, இதுதான்.”

என் பறவை பருந்தைவிடப் பெரிதில்லை. சாம்பல் நிறம். மூக்கின் மேலே ஒன்றுமே கிடையாது. ரம்யா போனில் தேடி ஒரு படத்தைக் காட்டினாள். “இதுதாண்டி! இதுதான் எங்க வீட்டு ஆளு!” என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காணாமல் போன சொந்தக்காரர் கிடைத்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள்.

“இது கோழி வேழாம்பல் ஆச்சி. ஜாதி ஒண்ணுதான். ஆனா ஸ்டேட் பட்சி இது இல்ல” என்றாள் ரம்யா.

கூண்டுக்கு எதிரே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, வாளை நிறுத்தியது அந்தப் பெயர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பெயர் போனால் மரம் போகும். உள்ளே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் எங்கே போவாள்?

சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. செல்வி இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

“யம்மா, நீ வாயத் தெறக்காத. பொன்னாடையப் போடட்டும், சாப்பாட்டச் சாப்பிடு, வந்துரு. சித்திரை முடிய இன்னும் ஒண்ணரை மாசம். அதுக்குள்ள அது பறந்து போயிரும். பொறவு யாரு அளந்து பாக்கப் போறா?”

“அவங்க வந்து போட்டோ எடுத்தா?” என்றாள் ரம்யா.

“சின்னதாத் தெரியும். தூரத்துலேர்ந்து எடுத்ததுன்னு சொல்லிக்கிடலாம்.”

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள் வாழ்நாளில் பொய்யே சொன்னதில்லை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. ஒன்றரை மாதப் பொய் பெரிய பொய்யே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொய்யைச் சொல்லத் தயாராகத்தான் மண்டபத்துக்குப் போனேன். மேடைக்குப் பின்னால் அந்தப் பெரிய மூக்கின் படம் சுவர் முழுக்க இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தேன். மேனேஜர் பேசினார். எங்கள் எஸ்டேட் மாநிலப் பறவையைத் தாய்போலக் காக்கிறது என்றார். தாய் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அவர் மாசியில் வாளோடு வந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பச்சைப் பொன்னாடை போட்டார்கள். கைதட்டினார்கள். அதுவரை எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது.

பிறகு மாஷ் எழுந்து ஒரு சந்தோஷச் செய்தி என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நாற்பது நாற்பது பேராக வண்டி வைத்து, கேமராவோடு, அம்மச்சியின் லயத்துக்கு வருவார்களாம். கூட்டம் ஆரவாரம் செய்தது.

எங்கள் சேவலுக்குக் கூச்சம் அதிகம். மரத்தடியில் ஒரு ஆள் நின்றாலே பழத்தோடு தூரத்தில் போய் உட்கார்ந்துவிடும். நாற்பது பேர் நாள் முழுக்க நின்றால்? உள்ளே இருப்பவை பட்டினியில் சாகும். உண்மையைச் சொன்னால் வாளில் போகும், பொய்யைக் காப்பாற்றினால் பட்டினியில் போகும். வாளையாவது கெஞ்சிப் பார்க்கலாம். மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

“எல்லாரும் கொஞ்சம் இருங்க” என்றேன். “நேத்து மிருகக்காட்சிசாலையில உங்க பட்சியப் பாத்தேன். எங்க வீட்டுல இருக்கது அது இல்ல. எங்களது சின்னது, சாம்பல் கலரு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மாஷ் மேல குத்தமில்ல, மேனேஜர் சார் மேலயும் குத்தமில்ல. யாரும் அங்க வரண்டாம். சேவல் பயப்படும். உள்ள தாயும் பிள்ளையும் கெடக்கு.”

ரம்யா பக்கத்தில் வந்து அதை மலையாளத்தில் சொன்னாள். முன்வரிசையில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரைப் பார்த்து மண்டபமே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. நான் பொன்னாடையை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

மாஷ் மைக்கை வாங்கினார். அவர் முகமும் சிவந்திருந்தது. “மூடுபனியில் அரை மணி நேரம் பைனாகுலர் வைத்துப் பார்த்துவிட்டு நம்பியவன் நானல்லவா? அம்மச்சிக்கு எழுபத்திரண்டு வயது என்று ஒரு சாக்கு உண்டு. எனக்கு என்ன சாக்கு?” என்றார். பொன்னாடையைத் திரும்ப என் தோளில் போட்டு, “இதைத் திருப்பி எடுக்க எங்கள் சங்கத்தில் விதி கிடையாது” என்றார். வண்டி ஏற்பாட்டையும் அங்கேயே ரத்து செய்தார். அந்தச் சின்னப் பறவை இந்த மலைத்தொடரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்றும் சொன்னார். அதை ஏன் மாநிலப் பறவையாக வைக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். அது பெரியவர்கள் எடுத்த தீர்மானம் என்றார் மாஷ்.

சத்தியா என்கிற இலைச் சாப்பாட்டில் சக்கைப் பிரதமன், அதுதான் பலாப்பழப் பாயசம், இருந்தது. மானம் போனாலும் பசி போகவில்லை. இரண்டு கப் குடித்தேன்.

திங்கட்கிழமை மேனேஜரின் ஜீப்பில் வந்தேன். அவரே ஏறச் சொன்னார். வித்துராவில் சாயா வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

“உள்ளே நிஜமாகவே தாய் உண்டா? அதுவும் கதையா?”

“உண்டு சார். நீங்களே பாக்கலாம்.”

“ஸ்டேட் பட்சி என்று நான் மேலே எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி என்ன சொல்வேன்?”

“ஒரு கெழவி தப்பாப் பாத்துட்டான்னு சொல்லுங்க சார். பழி எம்மேல கெடக்கட்டும். சித்திரை முடிய விடுங்க, போதும்.”

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். “சரி. மேட மாதம் கழியட்டும். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது, கேட்டோ.” நம் சித்திரைதான் அவர்களுக்கு மேடம்.

லயத்தில் இறங்கியதும் அவரே போய்ப் போர்டைப் பிடுங்கி ஜீப்பில் போட்டார். பிறகு மரத்தடியில் நின்று மேலே பார்த்தார். சேவல் வந்து கீறலுக்குள் பழத்தைக் கொடுத்தது. ஒரு மூக்கு வாங்கிக்கொண்டது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார்.

இப்போது சித்திரை கடைசி. போன வியாழக்கிழமை பொந்தை அடைத்திருந்த சுவர் உடைந்தது. தாய் வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தாள். வாலிறகெல்லாம் தேய்ந்து, ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவள்போல இருந்தாள். சனிக்கிழமை குஞ்சும் வந்தது. ஒன்றுதான். பறக்கத் தெரியாமல் பறந்து எங்கள் வீட்டுத் தகரத்தில் விழுந்து, ‘என்ன பார்க்கிறாய்’ என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போனது. அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. பொந்து காலி. இனி மரத்தை வெட்டத் தடையே இல்லை. அவை தை பிறந்தால் அதே பொந்துக்குத்தான் வரும், வேறு பொந்து தேடத் தெரியாது. ஜீப்பில் மேனேஜர் மனசு இளகி இருந்த நேரத்தில் நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். எட்டுப் பிள்ளை வளர்த்தவள், ஒரு பிரசவத்துக்கு மட்டும் இடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

லயத்து ஆட்களிடம் பேசினேன். வீட்டின் மேல் சாய்ந்திருக்கிற இரண்டு கிளைகளை மட்டும் இறக்கினால் போதும் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். பொந்து இருக்கிற தாய்மரம் அப்படியே நிற்கட்டும். இதை மேனேஜரிடம் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் அவர் வாளோடு வருகிறார். ரம்யா லீவில் வந்திருக்கிறாள். மலருக்கென்று தொடங்கிய இந்த நோட்டை அவள் நாளைக்கு மரத்தடியில் நின்று அவருக்கு மலையாளத்தில் வாசிப்பாள். எனக்கு வாய் குழறும். எழுதியது குழறாது.

ரம்யா, முதலில் இதை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி. எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம், அது நான் எழுதியதற்குச் சாட்சி. பறவையின் பெயர் வருகிற இடத்தில் மட்டும் நிறுத்து. அந்தப் பெயரை இந்தத் தடவை சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று பார்.